1500 வாட் ஹீட்டர் 962 வாட்தான் தருகிறது: ஹீட்டர் போலியா, என் கணக்கு தப்பா?

கேள்வி: பால்சங்கக் கணக்கர், தென்காசி மாவட்டம்

வணக்கம். என் அம்மாவுக்கு 78 வயது. மூட்டுவலிக்கு மாலையில் வெந்நீர் ஊற்றினால்தான் இரவு தூங்குகிறார். இனி விறகடுப்பில் குனிந்து ஊத அவரால் முடியாது என்பதால் ஐப்பசியில் 1500 வாட் வாட்டர் ஹீட்டர் ராடு ஒன்று வாங்கினேன். 15 லிட்டர் வாளித் தண்ணீர் காய 36 நிமிடம் ஆகிறது. சங்கரன்கோவிலில் சித்தி வீட்டிலும் இதே ராடுதான், இதே அளவு வாளிதான். அங்கே 23 நிமிடம். இரண்டு வீட்டிலும் சங்கத்தின் பால் வெப்பமானியை வைத்தே பார்த்தேன். 27 டிகிரியில் தொடங்கி 57 டிகிரியில் நிறுத்தினேன்.

ராடை வாங்கிய கடையில், உங்கள் ஊர் லைனில் வோல்டேஜ் குறைவு, எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். இன்னொரு கடைக்காரர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, இது 1000 வாட் சரக்கு, மேலே 1500 என்று அச்சடித்திருக்கிறார்கள் என்றார். யார் சொல்வதை நம்புவது?

என் தம்பி ஏ.சி. மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழு மணிக்கு, வயரைச் சுற்றிப் பிடித்து மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரோடு வந்தான். ஹீட்டர் வயரை அப்படியே மீட்டரின் வாயில் கொடுத்தபோது பூஜ்யம் காட்டியது. போகிற மின்சாரமும் திரும்புகிற மின்சாரமும் ஒரே வயருக்குள் இருப்பதால் ஒன்றையொன்று அடித்துவிடும் என்று சொல்லி, ஃபேஸ் வயர் தனியாகப் பிரிந்திருக்கும் ஒரு எக்ஸ்டென்ஷனை நடுவில் போட்டு அளந்தான். கிடைத்த எண்கள் இவை:

ஹீட்டர் போடாதபோது பிளக்கில் 207 வோல்ட். போட்ட பிறகு அதே பிளக்கில் 185 வோல்ட். ஓடிய மின்னோட்டம் 5.2 ஆம்பியர்.

என் மகள் பத்தாம் வகுப்பு. மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் பெருக்கினால் மின்திறன் என்று அவள் நோட்டில் இருக்கிறது. 230 × 5.2 என்றால் 1196 வாட். 207 × 5.2 என்றால் 1076 வாட். 185 × 5.2 என்றால் 962 வாட். எதை எடுத்தாலும் 1500 வரவில்லை.

தினமும் லிட்டரையும் கொழுப்பையும் பெருக்கி ரூபாய் எழுதுகிறவள் நான். இரண்டு எண்களைப் பெருக்க எனக்குப் பயம் இல்லை. எந்த எண்ணை எதோடு பெருக்க வேண்டும் என்பதுதான் தெரியவில்லை. மின்தடையை எப்படிக் கண்டுபிடிப்பது, அதை வைத்து இந்த ராடு நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியுமா? இன்னும் ஒன்று: ஹீட்டரைப் போட்டதும் அதே போர்டில் இருக்கும் குளியலறைக் குண்டு பல்பு நன்றாக மங்குகிறது. இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா?

---

பதில்: மோட்டார் காயில் கட்டுபவர், கோயம்புத்தூர்

அம்மிணி, உங்கள் தம்பி முறையாக அளந்திருக்கிறார். வோல்ட்டையும் ஆம்பியரையும் ஒரே நேரத்தில், ஹீட்டர் ஓடும்போதே எடுத்திருக்கிறீர்கள். 34 வருடமாகப் பட்டறை நடத்துகிறேன். வோல்டேஜைக் காலையிலும் ஆம்பியரை மாலையிலும் குறித்துக்கொண்டு வந்து கணக்குக் கேட்கிறவர்கள்தான் அதிகம்.

எந்த எண்ணோடு பெருக்குவது என்ற கேள்விக்குப் பதில் இதுதான்: அந்தப் பொருளின் இரண்டு முனைகளுக்கு நடுவே, அந்த நிமிடத்தில் நிற்கிற வோல்ட். ராடின் முனையில் அப்போது இருந்தது 185. ஆகவே 185 × 5.2 = 962 வாட் என்பதுதான் உண்மை. 230 என்பது பெட்டியில் அச்சடித்த எண். 207 என்பது ஹீட்டர் ஓடாதபோது இருந்த எண். ஓடும்போது அளந்த ஆம்பியரோடு அவை இரண்டுமே சேராது.

இனி மின்தடை. வோல்ட்டை ஆம்பியரால் வகுக்க வேண்டும். 185 ÷ 5.2 = 35.6 ஓம். இது உங்கள் ராடின் உண்மையான மின்தடை. 230 வோல்ட்டில் 1500 வாட் தரும் ராடுக்கு எவ்வளவு இருக்க வேண்டும்? வோல்ட்டை வோல்ட்டாலேயே பெருக்கி வாட்டால் வகுத்தால் கிடைக்கும். 230 × 230 = 52,900. அதை 1500ஆல் வகுத்தால் 35.3 ஓம். உங்களுக்கு வந்தது 35.6. நூற்றுக்கு ஒரு பங்கு வித்தியாசம் கூட இல்லை. 1000 வாட் ராடாக இருந்தால் 52.9 ஓம் இருந்திருக்கும். அதில் 185 வோல்ட் கொடுத்தால் மூன்றரை ஆம்பியர்தான் ஓடும். 5.2 ஓடியிருக்காது. உங்கள் ராடு சொன்ன சொல் தவறாத சரக்கு. போலி என்றவர் மீட்டர் வைக்காமல் பேசியிருக்கிறார்.

அப்படியானால் 538 வாட் எங்கே போனது? வோல்டேஜ் பாதியானால் வாட்டும் பாதியாகும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஹீட்டர் போன்ற பொருளில் வோல்ட் குறைந்தால் ஆம்பியரும் கூடவே குறைகிறது. இரண்டும் குறைந்து பெருக்கப்படுவதால் வாட் வர்க்கத்தில் இறங்கும். 185 என்பது 230இல் 0.8 பங்கு. 0.8ஐ அதனாலேயே பெருக்கினால் 0.64. 1500இல் 0.64 பங்கு 960. உங்கள் எண் வந்துவிட்டது.

தண்ணீரையும் சரிபார்க்கலாம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு டிகிரி ஏற ஏறக்குறைய 4186 ஜூல் வேண்டும். 15 லிட்டர், 30 டிகிரி என்றால் சுமார் 18 லட்சத்து 84 ஆயிரம் ஜூல். ஒரு வாட் என்பது நொடிக்கு ஒரு ஜூல். 1500 வாட்டில் 1256 நொடி, அதாவது 21 நிமிடம். 962 வாட்டில் 1958 நொடி, அதாவது 33 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. உங்கள் வெப்பமானி சொன்னது 23, 36. மீதி இரண்டு மூன்று நிமிடம் வாளிக்கும் காற்றுக்கும் போன வெப்பம். அழகாகப் பொருந்துகிறது. மின்கட்டணம் கூடுமோ என்று கவலைப்பட வேண்டாம். சித்தி வீட்டில் 1500 வாட் 23 நிமிடம், உங்கள் வீட்டில் 962 வாட் 36 நிமிடம். ராடு எடுத்துக்கொண்டது இரண்டு இடத்திலும் 0.58 யூனிட்டை ஒட்டித்தான்.

இவ்வளவும் நல்ல செய்தி. எனக்குக் கவலை தருவது நீங்கள் கடைசியில் கேட்ட பல்புதான்.

ஹீட்டரைப் போட்டதும் 207 என்பது 185 ஆகிறது. அதே போர்டில் இருக்கும் பல்புக்கும் அந்த 185தான் கிடைக்கிறது, அதனால்தான் மங்குகிறது. 22 வோல்ட் நடுவழியில் காணாமல் போகிறது. ஓம் விதி ராடுக்கு மட்டும் உரியது அல்ல, வழிக்கும் அதே விதிதான். 22 ÷ 5.2 = 4.2 ஓம். டிரான்ஸ்பார்மரிலிருந்து உங்கள் பிளக் வரைக்கும் நடுவில் எங்கோ 4.2 ஓம் உட்கார்ந்திருக்கிறது. அங்கே 22 × 5.2 = 114 வாட் வெப்பமாகிறது. அந்த வெப்பம் எங்கே உண்டாகிறது? தெருக்கம்பி முழுவதும் பரவியிருந்தால் வோல்டேஜ் குறையும், அவ்வளவுதான். உங்கள் வீட்டுச் சுவருக்குள் ஒரே ஒரு இணைப்பில் சேர்ந்திருந்தால் அது நெருப்பு.

ஒரு நல்ல வயர்மேனைக் கூப்பிட்டு, ஹீட்டர் ஓடும்போது மீட்டர் பெட்டியில் எத்தனை வோல்ட், பிளக்கில் எத்தனை வோல்ட் என்று இரண்டையும் அளக்கச் சொல்லுங்கள். நீங்கள் மூடியைக் கழற்ற வேண்டாம். அது தெரியும் வரை அந்தப் பிளக்கில் ஹீட்டரைப் போடாதீர்கள். அம்மாவுக்கு இரண்டு நாள் கேஸ் அடுப்பில் வெந்நீர் வைத்துக் கொடுங்கள்.

---

பதில்: கடைக்காரர், சிவகங்கை

இவ்வளவு கணக்கு எதற்கு? வோல்டேஜ் குறைந்தால் எந்தப் பொருளும் ஆம்பியரை அதிகமாக இழுக்கும், அதனால்தான் வயர் சூடாகிறது. 2 கிலோவாட் ஸ்டெபிலைசர் ஒன்று வாங்கி வையுங்கள். 230 சீராக வரும், 23 நிமிடத்தில் தண்ணீர் காயும். எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

---

பதில்: மோட்டார் காயில் கட்டுபவர், கோயம்புத்தூர்

தம்பி, நீங்கள் சொல்வது சுமையோடு ஓடும் மோட்டாருக்குப் பொருந்தும். கிணற்றிலிருந்து தண்ணீர் தூக்கும் மோட்டாருக்கு வேலை குறைவதில்லை. வோல்ட் குறைந்தால் அதே வேலைக்கு ஆம்பியரை ஏற்றிக்கொள்ளும், காயில் கருகும். கருகிய காயில்களை அவிழ்த்துக் கட்டித்தான் நான் பிழைக்கிறேன், அது எனக்குத் தெரியும். ஹீட்டருக்கு அது பொருந்தாது. அது வெறும் மின்தடை. வோல்ட் குறைந்தால் ஆம்பியரும் குறையும். இந்த வீட்டிலேயே பாருங்கள்: 230 இருந்தால் 6.5 ஆம்பியர் ஓட வேண்டிய ராடில் 5.2தான் ஓடுகிறது.

ஸ்டெபிலைசர் யோசனையைத் தயவுசெய்து யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அது இல்லாத மின்சாரத்தை உண்டாக்காது. 1500 வாட்டை அந்தப் பக்கம் கொடுக்க, 185 வோல்ட்டில் இந்தப் பக்கம் 8.1 ஆம்பியர் இழுக்கும். வழியில் இருக்கும் கெட்ட இணைப்பில் வெப்பம் ஆம்பியரின் வர்க்கத்தில் ஏறும். 5.2 என்பது 8.1 ஆனால் வெப்பம் இரண்டரை மடங்கை நெருங்கும். ஆம்பியர் ஏறினால் வோல்ட் இன்னும் இறங்கும், ஸ்டெபிலைசர் இன்னும் இழுக்கும். ஒரு குடும்பம் வயதான அம்மாவோடு இருக்கும் வீடு இது.

மோட்டார் பேச்சு வந்ததால் அந்தப் பெண் குழந்தைக்கு ஒன்று. வோல்ட் × ஆம்பியர் = வாட் என்பது ஹீட்டர், இஸ்திரிப் பெட்டி, குண்டு பல்பு இவற்றுக்கு நேராகப் பொருந்தும். மோட்டாரில் வோல்ட்டும் ஆம்பியரும் ஒன்றாக ஏறி இறங்குவதில்லை. 230 வோல்ட், 3.5 ஆம்பியர் என்றால் பெருக்கி வருவது 805. அதில் எத்தனை பங்கு உண்மையான வாட் என்று சொல்லும் எண்ணுக்குத் திறன் காரணி என்று பெயர். அது 0.7 என்றால் உண்மையான வாட் 560ஐ ஒட்டித்தான். வீட்டு மீட்டர் அந்த 560ஐத்தான் எழுதும்.

---

பதில்: இயற்பியல் ஆசிரியை, தஞ்சாவூர்

உங்கள் மகளின் நோட்டுக்காக இரண்டு செய்திகள் சொல்ல ஆசை.

ஜெர்மனியில் கேயார்க் சைமன் ஓம் பள்ளி ஆசிரியராக இருந்தபோது செய்த சோதனைகள்தான் இந்த விதியைத் தந்தன. முதலில் அவர் வோல்டா மின்கலங்களை வைத்து அளந்தார். அளக்க அளக்க மின்னழுத்தம் இறங்கிக்கொண்டே போனதால் கணக்கு ஒட்டவில்லை. பிறகு, இரண்டு முனைகளின் வெப்பநிலை வித்தியாசத்தால் மின்னழுத்தம் தரும், செம்பும் பிஸ்மத்தும் சேர்ந்த வெப்ப மின்னிரட்டைக்கு மாறினார். அதன் ஒரு முனை கொதிநீரில், மறுமுனை உருகும் பனிக்கட்டியில். இரண்டு வெப்பநிலையும் அசையாமல் நின்றதால் மின்னழுத்தமும் நின்றது, விதி வெளிப்பட்டது. 1827இல் நூலாக வெளியிட்டார். ஆடுகிற வோல்டேஜோடு அவரும் போராடியிருக்கிறார் என்று வகுப்பில் சொல்லும்போது பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வெப்பம் என்பதை ஜூல் கண்டது 1841இல். மேலே ஐயா இணைப்பின் சூட்டுக்குச் சொன்னது அந்த விதிதான்.

இரண்டாவது, மகளிடம் ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள். அந்தக் குண்டு பல்பைக் கழற்றி, ஆறிய பிறகு, மல்ட்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து அளக்கட்டும். 60 வாட் பல்பு என்றால் 52,900 ÷ 60 = 882 ஓம் வர வேண்டும். மீட்டர் 60, 70 என்றுதான் காட்டும். மீட்டரும் கெடவில்லை, விதியும் பொய்க்கவில்லை. டங்ஸ்டன் இழை எரியும்போது 2000 டிகிரியைத் தாண்டும், அதன் மின்தடையும் பத்து மடங்குக்கு மேல் ஏறிவிடும். ஹீட்டருக்குள் இருப்பது நிக்ரோம் என்ற நிக்கல், குரோமியம் கலப்பு உலோகம். அது சூட்டில் சில சதவீதம்தான் மாறும். ஆகவே ராடைப் பிளக்கிலிருந்து பிடுங்கிவிட்டு, ஆறியதும் பின்களுக்கு நடுவில் ஓம் நிலையில் அளந்தால் 35ஐ ஒட்டி வரும்.

---

கேள்வி கேட்டவர்: பால்சங்கக் கணக்கர்

நான்கு நாள் கழித்து எழுதுகிறேன். ஐயா சொன்னதைப் படித்த இரவே ராடைக் கழற்றி வைத்துவிட்டேன். நேற்று மாலை பக்கத்து ஊர் வயர்மேன் வந்தார். தம்பியும் கூட இருந்தான்.

ஹீட்டர் ஓடும்போது மீட்டர் பெட்டியில் 203 வோல்ட். பிளக்கில் 185. ஹீட்டரை அணைத்தால் இரண்டு இடத்திலும் 207. மகள் அங்கேயே நின்று நோட்டில் எழுதினாள். வெளியே போனது 4 வோல்ட், வீட்டுக்குள் போனது 18. 18 ÷ 5.2 = 3.46 ஓம். 18 × 5.2 = 94 வாட். அவள் அதை வாய்விட்டு வாசித்தபோது வயர்மேன் பேசாமல் ஏணியை எடுத்தார்.

எங்கள் வீடு அப்பா காலத்தில் அலுமினிய வயர் இழுத்தது. எட்டு வருடம் முன்பு குளியலறை கட்டியபோது அங்கிருந்து செம்பு வயர் இழுத்தார்கள். திண்ணைக்கு மேலே ஜங்ஷன் பாக்ஸில் அலுமினியத்தையும் செம்பையும் கையால் முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். மூடியைத் திறந்ததும் கருகிய வாடை. ஃபேஸிலும் நியூட்ரலிலும் டேப் உருகி ஓடியிருந்தது, பெட்டியின் உள்பக்கம் கறுப்பு. அதற்கு ஒரு முழம் மேலே கூரையின் பனங்கைகள். அதைப் பார்த்தபோது எனக்குக் கால் நடுங்கியது. அந்தத் திண்ணையில்தான் அம்மா மத்தியானம் படுப்பார்.

எம்.சி.பி., அதாவது தானாக மின்சாரத்தைத் துண்டிக்கும் காவல் ஸ்விட்ச், ஏன் விழவில்லை என்று கேட்டேன். கூடுதல் ஆம்பியர் ஓடினால்தான் அது விழும், இங்கே கெட்ட இணைப்பு ஆம்பியரைக் குறைத்துக்கொண்டல்லவா இருந்தது என்றார். எனக்கு அது உறைக்கச் சற்று நேரம் ஆனது. காவலுக்கு வைத்த பொருளுக்கே தெரியாத தவறு ஒன்றைப் பள்ளிக்கூட வகுத்தல் கணக்கு காட்டிக் கொடுத்திருக்கிறது.

மீட்டர் பெட்டியிலிருந்து குளியலறைக்கு 15 மீட்டர் புது வயர் இழுத்துவிட்டார். நடுவில் இணைப்பே இல்லை. இப்போது மாலை ஏழு மணிக்கு ஹீட்டர் ஓடும்போது பிளக்கில் 200 வோல்ட், 5.6 ஆம்பியர். 1120 வாட். மின்தடை 35.7 ஓம். தண்ணீர் காய 31 நிமிடம். பல்பு மங்குவது கண்ணுக்குத் தெரியவில்லை. அந்தப் பல்பை மகள் அளந்தாள்: 66 ஓம். ஆசிரியைக்கு அவள் நன்றி சொல்லச் சொன்னாள்.

ஒரே கேள்வி மீதி. புது வயர் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு. பிளக் பழைய சிறிய பிளக்தான். இது போதுமா?

---

பதில்: மோட்டார் காயில் கட்டுபவர், கோயம்புத்தூர்

அம்மிணி, படித்து முடித்ததும் எழுந்து போய் என் பட்டறையின் ஜங்ஷன் பாக்ஸையே திறந்து பார்த்துவிட்டு வந்தேன். அலுமினியத்தின் மேல் படியும் ஆக்சைடு மின்சாரத்தைக் கடத்தாது. சூட்டில் அந்த உலோகம் நெகிழ்ந்து பிடி தளர்ந்துவிடும். அதைச் செம்போடு வெறுமனே முறுக்கி விடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

வயருக்குக் கணக்கு இது. 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு கிலோமீட்டருக்கு 12.1 ஓம். போக 15, வர 15, மொத்தம் 30 மீட்டர். 0.36 ஓம். 5.6 ஆம்பியரில் 2 வோல்ட் இழப்பு, 11 வாட் வெப்பம், அதுவும் 30 மீட்டருக்கும் பரவி. பயம் இல்லை. என்னைக் கேட்டிருந்தால் 2.5 இழுக்கச் சொல்லியிருப்பேன். அது கிலோமீட்டருக்கு 7.4 ஓம்தான், நாளை கீசர் வைத்தாலும் தாங்கும்.

பிளக் போதாது. சிறிய பிளக் 6 ஆம்பியருக்கு உரியது. இப்போது மாலையில் 5.6 ஓடுகிறது. நள்ளிரவில் லைனில் 230 வந்தால் 6.3ஐத் தொடும். 16 ஆம்பியர் பெரிய பிளக்கும் அதற்கேற்ற ஸ்விட்சும் எர்த் வயரோடு போடச் சொல்லுங்கள். தண்ணீர் காய்ந்ததா என்று பார்க்க, ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் வாளியில் கை வைக்க வேண்டும். அம்மாவிடமும் சொல்லி வையுங்கள்.

பெரிய பிளக் மாற்றியதும் அரை மணி நேரம் ஹீட்டரை ஓடவிட்டு அணைத்துப் பிடுங்கிவிட்டு, பிளக் பின்களைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இருக்கலாம். விரல் வைக்க முடியாத சூடு இருந்தால் மறுபடியும் மீட்டர் பெட்டியிலும் பிளக்கிலும் வோல்ட் எடுத்து எனக்கு எழுதுங்கள்.